சேவ் பண்ணியாச்சா?



சென்ற இதழில் வெளியான வீடியோ கேம் கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள். அவற்றில் பாதி, "நம் பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு?" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டவை. மறுபாதியில் ஒன்று ஆரணியிலிருந்து வந்தது. எழுதியவர் பட்டுத்தறிக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் இன்னும் குழித்தறி ஓடுகிறது, அப்பா நெய்கிறார். இவருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலை வேலை. ஷிஃப்ட் இல்லாத நாட்களில் ஊருக்கு வந்துவிடுகிறார்.

பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பில், நண்பன் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்த ஒரு ஆர்பிஜி விளையாட்டை ஆடத் தொடங்கிப் பாதியில் விட்டவர் இவர். இப்போது சொந்தச் சம்பளத்தில் நல்ல லேப்டாப் வாங்கியாயிற்று. அதே விளையாட்டை இணையக் கடையில் காசு கொடுத்தே வாங்கி, முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். அரைமணிக்கு ஒரு தரம் அது தானாக மூடிக்கொள்கிறது. சில நேரம் திரை அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது.

"அண்ணா, பழைய லேப்டாப்புல மெதுவா ஓடுச்சு, ஆனா ஓடுச்சு. இதுல வேகமா ஓடி விழுது. கதையில யாரு எதுக்கு என்னை அனுப்பினாங்கன்னே மறந்துபோகுது. கடைசியா எப்ப சேவ் பண்ணேன்கிற நினைப்பு மட்டும்தான் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. இதுக்குப் பேரு விளையாட்டா?"

எந்த விளையாட்டு, எந்தக் கடை என்பதையும் எழுதியிருக்கிறார். அதை இங்கே விட்டுவிடுகிறேன். அவருடைய கேள்விக்குப் பதில் எழுதத்தான் இந்த மாதம் என் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். கோபித்துக்கொண்ட பாதி வாசகர்களும் கூடவே வர வேண்டும்.

ஆர்பிஜி என்றால் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. சுடுவதும் ஓடுவதும் அதிலும் உண்டு, ஆனால் அவை ஓரத்தில்தான். ஒரு ஆளை நீங்களே உருவாக்குகிறீர்கள், அவனையோ அவளையோ ஒரு நாட்டுக்குள் இறக்கிவிடுகிறீர்கள். யாருக்கு உதவுவது, யாரிடம் பொய் சொல்வது, எந்த ஊர்ப் பக்கம் நிற்பது என்பதெல்லாம் உங்கள் முடிவு. முதல் நாள் ஒரு கடைக்காரரிடம் திருடியது முப்பதாவது மணி நேரத்தில் திரும்பி வந்து உங்கள் வாசலில் நிற்கும். பெரிய ஆர்பிஜி ஒன்றை முடிக்க அறுபது மணி நேரம், நூறு மணி நேரம் என்று ஆகும். பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களையும் நிதானமாகப் படித்து முடிக்க ஆகும் நேரத்தை ஒட்டியது அது. கல்கியில் அந்தத் தொடர் மூன்றரை ஆண்டு ஓடியபோது வாரம் முழுக்கக் காத்திருந்தவர்கள் நம் வாசகர் குடும்பத்தில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு கதையோடு அத்தனை நாள் குடியிருப்பது எப்படிப்பட்டது என்று அவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அப்படிக் குடியிருக்கும் வீட்டில், அடுத்த அடி வைத்தால் தரை இருக்குமா என்ற பயம் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் ஆரணித் தம்பியின் கடிதம். நின்றுபோனதால் இழந்த இருபது நிமிடம் பெரிய இழப்பில்லை, அதைத் திரும்ப ஆடிவிடலாம். அந்த இருபது நிமிடத்துக்குப் பிறகு அவர் ஆடும் விதமே மாறிவிடுகிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கதவைத் திறக்கும் முன் ஒரு சேவ், ஒருவரிடம் பேசும் முன் ஒரு சேவ், பேசி முடித்ததும் இன்னொரு சேவ். தூரத்தில் ஒரு மலைக்கோட்டை தெரிகிறது. போய்ப் பார்க்க ஆசைதான், ஆனால் அந்தத் திசையில் போனபோதுதான் போன முறை நின்றது, அதனால் போவதில்லை. சுற்றித் திரிவதற்கென்றே கட்டப்பட்ட நாட்டில் ஒற்றையடிப் பாதையில் பயந்து பயந்து நடக்கிறார். தவறான முடிவை எடுத்துவிட்டு அதோடு வாழ்வதில்தான் இந்த விளையாட்டின் ருசியே இருக்கிறது. பத்தடிக்கு ஒரு சேவ் கையில் இருப்பவர் எந்த முடிவோடும் வாழ்வதில்லை. பிடிக்காவிட்டால் பின்னால் போய் மாற்றிக்கொள்கிறார். இயந்திரம் கற்றுக்கொடுத்த பயம் கதைக்குள்ளும் புகுந்து அதைச் சப்பென்று ஆக்கிவிடுகிறது.

புதிய கணினியில் பழைய விளையாட்டு ஏன் மோசமாக ஓட வேண்டும்? நம் கணினிப் பக்கத்தை எழுதுபவரிடம் கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

2000க்குப் பிந்தைய பத்தாண்டில் வந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை 32 பிட் மென்பொருள்கள். உங்கள் கணினியில் 16 ஜிபி நினைவகம் இருந்தாலும், விண்டோஸ் அப்படிப்பட்ட மென்பொருளுக்கு வழக்கமாக 2 ஜிபிக்கு மேல் இடம் தராது. ஆடிக்கொண்டே போகப் போக ஊர்கள், ஆட்கள், படங்கள் என்று நினைவகத்தில் குவிகின்றன. எல்லையைத் தொட்டதும் விளையாட்டு சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது. 64 பிட் விண்டோஸில் இந்த எல்லையை 4 ஜிபியாக உயர்த்த, அந்த மென்பொருள் கோப்பின் தலைப்பகுதியில் ஒரே ஒரு பிட்டை மாற்றினால் போதும். ஒரு பிட்! 2010இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' விளையாட்டுக்கு ரசிகர்கள் எழுதிய '4 ஜிபி பேட்ச்' என்ற திருத்த மென்பொருள் முக்கியமாகச் செய்வது இதைத்தான். ஜிஓஜி என்ற இணையக் கடையில் விற்கும் பிரதியில் இந்த மாற்றத்தை அவர்களே செய்து வைத்திருக்கிறார்கள். கடை நினைத்தால் செய்ய முடிகிற வேலை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

வேகமும் ஒரு சிக்கல். 2011இல் வந்த 'ஸ்கைரிம்' முதல் பதிப்பில், பொருட்கள் விழுவதும் உருள்வதும் திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதோடு கட்டிப்போடப்பட்டிருந்தது. நொடிக்கு 60 என்று நினைத்து எழுதியவர்கள் 144 காட்டும் திரைகளை எதிர்பார்க்கவில்லை. புதிய கணினியில் மேசை மேலுள்ள தட்டும் கிண்ணமும் நீங்கள் உள்ளே நுழைந்ததும் பறக்கத் தொடங்கும். "வேகமா ஓடி விழுது" என்று தம்பி எழுதியதில் இப்படியும் ஓர் உண்மை இருக்கலாம்.

இன்னொரு வகைக் கோளாறுக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தமே இல்லை, அது பூட்டு சம்பந்தப்பட்டது. கள்ளப் பிரதியைத் தடுக்க அந்தக் காலத்துக் குறுந்தகடுகளில் 'சேஃப்டிஸ்க்' என்ற பாதுகாப்பு இருந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10 பாதுகாப்புக் காரணங்களுக்காக அதைக் கைகழுவியது. கடையில் காசு கொடுத்து வாங்கிய தகடு அன்றிலிருந்து ஓடவில்லை, பூட்டை உடைத்த கள்ளப் பிரதி ஓடியது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பர்மா பஜாரிலும் கள்ளத் தகடு வாங்கியவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை.

'ஃபால்அவுட் 3' கதை இன்னும் விசேஷம். 2008 அக்டோபரில் வெளிவந்த அதன் எக்ஸ்பாக்ஸ் (விளையாட்டுப் பெட்டி) பதிப்பை இந்தியாவில் வெளியிடப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. காரணமாகப் பண்பாட்டு உணர்வுகளைச் சொன்னார்கள், விவரம் சொல்லவில்லை. அணுப்போருக்குப் பிந்தைய அந்த உலகத்தில் பொதி சுமக்கும் இரட்டைத் தலை மாட்டுக்கு 'பிராமின்' என்று பெயர், அதுதான் காரணமாக இருக்கும் என்று ஊர் பேசிக்கொண்டது. கணினியில் ஆடியவர்களுக்கு வேறு தலைவலி. அந்தப் பதிப்பு மைக்ரோசாஃப்டின் 'கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்' என்ற இணையச் சேவையோடு பிணைக்கப்பட்டிருந்தது. சேவை கைவிடப்பட்டு, புதிய விண்டோஸில் அது இல்லாமல் போனதும் விளையாட்டு திறக்கவே மறுத்தது. ரசிகர்கள் ஒரு சிறு மென்பொருள் எழுதி அந்தப் பிணைப்பை அறுத்தார்கள். ஸ்டீம் என்ற இணையக் கடையின் பிரதியில் விற்பவர்கள் அதை அதிகாரபூர்வமாக நீக்கியது 2021 அக்டோபரில். அதுவரை இடைப்பட்ட ஆண்டுகளில் விளையாட்டு விற்பனையில் இருந்துகொண்டேதான் இருந்தது.

இங்கே கொஞ்சம் ஊர்க்கதை. தம்பி சொல்லும் அரசு லேப்டாப் 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் வந்தது. விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். படிப்புக்கென்று கொடுத்தது எதற்கெல்லாம் பயன்பட்டது என்று அந்த வயதுப் பிள்ளைகளைக் கேட்டால் கண் சிமிட்டுவார்கள். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டை மின்வெட்டு பிடித்துக்கொண்டது. 2012இன் பிற்பகுதியில் சென்னைக்கு இரண்டு மணி நேரம், மற்ற மாவட்டங்களில் பல இடங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல். பிரவுசிங் சென்டர்களில் யுபிஎஸ் கீச்சிடத் தொடங்கியதும், "சேவ் பண்ணு, சேவ் பண்ணு" என்று பையன்கள் கத்திய சத்தம் பல ஊர்களில் கேட்டிருக்கும். பேட்டரி உள்ள அரசு லேப்டாப் அந்த வேளையில் ஒரு வரம்.

ஆரணியில் இன்னொன்றும் நடந்தது. பட்டுக் கைத்தறிக்கு மின்சாரம் வேண்டாம். ஊரே இருட்டில் கிடந்த அந்த மாதங்களிலும், பகல் வெளிச்சம் இருக்கும்வரை தறிச் சத்தம் நிற்கவில்லை என்று தம்பி எழுதுகிறார். தறிக்கு மேலுள்ள ஜக்கார்டு பெட்டியை இயக்க மோட்டார் பொருத்தும் வழக்கம் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கலாம். அன்றைக்கு அவர் வீட்டில், கீழே குழியில் கால் வைத்து மிதித்த அப்பாவின் வேலை ஓடிக்கொண்டிருந்தது, பையனின் விளையாட்டுதான் பேட்டரிச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. விளையாட்டு பாதியில் நின்றுபோனதற்கு அதுவும் ஒரு காரணமாம்.

இனி, வயதாகித்தான் இவை கெட்டுப்போயின என்று நினைத்துவிடக் கூடாது. பல ஆர்பிஜிகள் பிறக்கும்போதே நோயோடு பிறந்தவை. 1996இல் வந்த 'டேகர்ஃபால்' அக்காலத்தில் எண்ணிப் பார்க்க முடியாத அளவு பெரிய உலகம். அதன் நிலவறைகளில் நடக்கும்போது தரையைத் துளைத்துக்கொண்டு வெற்றுவெளியில் விழுவது சகஜம். 2002இன் 'மோரோவிண்ட்' எக்ஸ்பாக்ஸில் வந்தபோது நினைவகம் போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? 'லோடிங்' என்று திரை காத்திருக்கச் சொல்லும் நேரத்தில், ஆடுபவருக்குத் தெரியாமல் பெட்டியையே அணைத்து மறுபடி கிளப்பும் வழி வைத்திருந்தார்கள். அதன் இயக்குநர் டாட் ஹோவர்ட் பின்னாளில் தாமே இதைச் சொன்னார். கேட்டபோது அந்தத் துணிச்சலை நினைத்து எனக்கு மெச்சத்தான் தோன்றியது. பிளேஸ்டேஷன் 3இல் ஸ்கைரிம் ஆடியவர்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. ஆட ஆட சேவ் கோப்பு பெருத்தது, கோப்பு பெருக்கப் பெருக்க விளையாட்டு நத்தையாய் ஊர்ந்தது. அதிகம் ஆடியவருக்கே அதிகத் தண்டனை.

எல்லாவற்றிலும் என் மனதைத் தொட்டது 'வேம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்'. டிராய்கா என்ற சிறு நிறுவனம் செய்தது. வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் என்ற விளையாட்டு இன்ஜினை வாங்கிப் பயன்படுத்தினார்கள். அதே இன்ஜினில் வால்வ் செய்துகொண்டிருந்த 'ஹாஃப் லைஃப் 2' வெளிவரும் வரை இதை வெளியிடக் கூடாது என்பது ஒப்பந்தம். இரண்டும் 2004 நவம்பர் 16 அன்று ஒரே நாளில் வந்தன. பொங்கலுக்குப் பெரிய நடிகர் படத்தோடு சின்னப் படத்தை இறக்கினால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. போதாததற்குக் கோளாறுகள். கதையின் ஓரிடத்தில் படகில் ஏறித் தப்பிக்க வேண்டும், பலருக்கு ஏறியவுடன் விளையாட்டு நின்றுபோனது. அதைத் தாண்டினால்தான் மீதிக் கதை. 2005 பிப்ரவரியில் டிராய்கா மூடப்பட்டது. உரையாடலுக்காகவும் பாத்திரங்களுக்காகவும் இன்றும் கொண்டாடப்படும் ஒரு படைப்பு, கேட்க ஆளில்லாத அனாதையாக நின்றது.

நியூ வேகாஸுக்கும் அவசரம்தான் எமன். அப்சிடியன் நிறுவனத்துக்குக் கிடைத்த அவகாசம் சுமார் பதினெட்டு மாதம். இத்தனை பெரிய உலகத்துக்கு அது போதாது. வெளிவந்த நாளில் கோளாறுகள் கொட்டிக் கிடந்தன, விமர்சகர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 வந்திருந்தால் ஊக்கத்தொகை கிடைத்திருக்கும், 84 வந்தது என்று வடிவமைப்பாளர்களில் ஒருவரான கிறிஸ் அவலோன் 2012இல் ட்விட்டரில் சொன்னார். கோளாறுகளைச் சரிசெய்ய இன்னும் சில வாரம் கொடுத்திருந்தால் அந்த ஒரு மதிப்பெண் வந்திருக்காதா என்று தோன்றுவது எனக்கு மட்டுமாக இருக்காது.

பிளட்லைன்ஸ் பிழைத்தது எப்படி? ஜெர்மனியில் ஒரு வேதியியலாளர், தொழில்முறை மென்பொருளாளர் அல்ல, ஓய்வு நேரத்தில் அதைச் சரிசெய்யத் தொடங்கினார். பத்தாண்டுகளையும் தாண்டி அவர் பேட்ச் போட்டுக்கொண்டே இருந்தார்.  முடிக்காமல் கோப்புகளுக்குள் புதைந்துகிடந்த பகுதிகளைக்கூடத் தோண்டியெடுத்துச் சேர்த்தார். இன்று அந்த விளையாட்டை ஆடுகிறவர்களில் மிகப் பலர் ஆடுவது அவர் கைபட்ட பிரதியைத்தான்.

மோரோவிண்டுக்கு நடந்தது இன்னும் துணிகரமானது, அதைச் சொல்ல ஆரணிதான் எனக்கு உதவுகிறது. காந்தி ரோட்டுக் கடைகளில் விரித்துக் காட்டும் பட்டுப்புடவையின் பார்டரில் மயிலோ மாங்காயோ இருக்கிறதே, அந்த உருவம் தறிக்குள் இல்லை. தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியில் சரமாகக் கோத்துத் தொங்கும் அட்டைகளில் இருக்கிறது. அட்டையில் துளை உள்ள இடத்தில் கொக்கி மேலே வரும், அதோடு பாவு இழை தூக்கிக்கொள்ளும். துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே நிற்கும். 1804இல் லியோன் நகரத்து ஜக்கார்டு கண்ட வழி இது. பெட்டி பழுதானால் டிசைன் அழிவதில்லை. அதே கொக்கிக் கணக்குள்ள வேறு பெட்டியில் அந்த அட்டைச் சரத்தை மாட்டினால் அதே மயில் வரும். விளையாட்டுத் தகட்டிலும் இப்படி இரண்டு உண்டு. ஊர், ஆள், உரையாடல், இசை எல்லாம் தரவுக் கோப்புகளில் இருக்கின்றன, அவை அட்டை. அவற்றைப் படித்துத் திரையில் நடத்திக்காட்டும் மென்பொருள் பெட்டி. முக்கால்வாசி நேரம் கெட்டுப்போவது பெட்டிதான்.

2008இல் தொடங்கிய 'ஓப்பன்எம்டபிள்யூ' திட்டத்தில் ஆர்வலர்கள் மோரோவிண்டுக்குப் புதிய பெட்டியையே செய்தார்கள். பழையதை ஒட்டுப்போடவில்லை, முதல் வரியிலிருந்து எழுதினார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தகட்டின் கோப்புகளை அதற்குக் காட்டினால் போதும், 2002இன் அதே நாடு இன்றைய கணினியில், லினக்ஸில்கூட, நின்றுபோகாமல் ஓடும். டேகர்ஃபாலுக்கும் இப்படி ஒன்று நடந்தது. பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 'டேகர்ஃபால் யூனிட்டி'யின் 1.0 பதிப்பு 2023இன் கடைசியில் வந்தது. வெற்றுவெளியில் விழுந்தவர்கள் ஏறக்குறைய இருபத்தேழு ஆண்டு கழித்துத் தரையில் நடக்கிறார்கள்.

இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது எங்கள் துணையாசிரியர் எட்டிப் பார்த்து ஒரு வாதம் வைத்தார். "பழைய விளையாட்டுன்னா குறையோடதான் இருக்கும். அதுவும் ஒரு அழகு. அதைப் போய் இவ்வளவு பெரிசா பேசணுமா சார்?" அவரும் சின்ன வயதில் ஆடியவர்தான். அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஸ்கைரிமில் ஒரு அரக்கன் கதாயுதத்தால் அடித்தால் நீங்கள் ராக்கெட் மாதிரி வானத்துக்குப் போய்விடுவீர்கள். அது கோளாறுதான். ஆடுபவர்கள் விழுந்து விழுந்து சிரித்ததால் அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார்கள். குதிரை செங்குத்தான மலையில் ஏறுவது, காவலர் சுவருக்குள் பாதி புதைந்து நிற்பது, இவையெல்லாம் நண்பர்களோடு பேசிச் சிரிக்கக் கதையாகும். விளையாட்டு மூடிக்கொள்வது அந்த வகை இல்லை. அதில் பேசிச் சிரிக்க என்ன இருக்கிறது? வெறும் டெஸ்க்டாப் படம் தெரியும், அவ்வளவுதான். குறையின் அழகு என்று இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவில்லை என்றேன். "சரி சார், எழுதுங்க" என்று போய்விட்டார். முழுச் சம்மதமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

என் கோபம் ரசிகர்கள் மேல் துளியும் இல்லை. கூலி வாங்காமல் அவர்கள் செய்தது பெரிய காரியம். அந்தப் பெரிய மனசைக் காட்டி விற்பவர்கள் தப்பித்துக்கொள்வதுதான் உறுத்துகிறது. அமெரிக்காவில் வெளிவந்த பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கவே கிடைக்கவில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. கிடைப்பதே நூற்றுக்குப் பதின்மூன்றுதான். அந்தப் பதின்மூன்றுக்குள் நுழைந்து, தள்ளுபடிப் பட்டியலில் பளபளவென்று படம் போட்டுக் காசும் வாங்கிக்கொண்ட பிறகு, "ஓட வைக்க வேண்டியது உன் பாடு, தேடிப் பார்" என்பது எந்த ஊர் வியாபாரம்? ஐரோப்பாவில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தார் 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டினார்கள். சேவையகத்தை அணைத்து விளையாட்டைச் சாகடிக்காதே என்பது அவர்கள் கோரிக்கை. சாகடிக்காமல், நோயோடு விற்றுக்கொண்டே இருப்பதைப் பற்றியும் யாராவது கையெழுத்து வாங்கினால் என் கையெழுத்து உண்டு.

ஸ்டீம் கடையில் பணம் திரும்பக் கேட்கலாம் என்பார்கள். வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் தருவார்கள். பந்தை உதைக்கும் விளையாட்டுக்கு அது நியாயமான விதி. ஆர்பிஜியில் இரண்டு மணி நேரம் என்பது மூக்கு எப்படி இருக்க வேண்டும், தலைமுடி என்ன நிறம் என்று தேர்ந்தெடுத்துவிட்டு முதல் ஊரை எட்டிப் பார்க்கும் நேரம். நினைவகம் நிறைந்து மூடிக்கொள்ளும் வியாதி சிலருக்கு இருபதாவது மணி நேரத்தில்தான் தலைகாட்டும். இந்த வகை விளையாட்டுகளுக்குக் கணக்கு வேறாக இருக்க வேண்டாமா? விற்பனைப் பக்கத்திலேயே "இது விண்டோஸ் 11இல் இப்படி ஓடும், இன்ன பேட்ச் வேண்டும்" என்று இரண்டு வரி உண்மை எழுதுவதற்குச் செலவும் ஆகாது. அந்த ஒரு பிட்டையும் அவர்களே மாற்றிவிடலாம்.

இனி ஆரணித் தம்பிக்கு. உன் கேள்விக்கு என் பதில், இப்போது நீ ஆடிக்கொண்டிருப்பது விளையாட்டு இல்லை, காவல் காக்கும் வேலை. அதை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கு என்றுதான் சொல்வேன். கசப்பாக இருக்கும். ஆனால் இந்த விளையாட்டுகளில் பல பேட்ச்களை ஆட்டம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். பாதியில் போட்டால் பழைய சேவ் குழம்பிப்போகும். உன் விளையாட்டுக்கு 4 ஜிபி பேட்ச் பொருந்துமா என்று முதலில் பார். ரசிகர்கள் தொகுத்த அதிகாரபூர்வமற்ற பேட்ச் எதுவென்று தேடு. ரசிகர்கள் செய்து தரும் கூடுதல் சேர்க்கைகளான 'மாட்'களை நிறைய ஆசைக்கு அள்ளிப் போட்டுக்கொள்ளாதே. நின்றுபோவதற்குப் பாதி நேரம் அவையே காரணமாகிவிடும். திரை வேகத்தை நொடிக்கு 60க்குக் கட்டிவை. ஆடும்போது வேறு ஜன்னலுக்குத் தாவாதே, பழையவை பல அந்தத் தாவலில்தான் சாகின்றன. ஒரே குவிக் சேவ் மேல் திரும்பத் திரும்ப எழுதாமல், வேறு வேறு இடத்தில் நாலைந்து சேவ் வைத்துக்கொள். எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றால் அந்த ஒன்று மட்டும்தான் கெடும். இதையெல்லாம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து முடித்துவிட்டு, பிறகு சேவ் பண்ணுவதை மறந்துவிட்டு அந்த மலைக்கோட்டைக்குப் போ.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல். கடிதத்தின் ஓரத்தில், அட்டைச் சரத்தில் ஓர் அட்டை கிழிந்தால் அந்த ஓர் அட்டையை மட்டும் புதிதாகத் துளையிட்டுக் கோத்துக்கொள்வார்கள் என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அதைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை எழுதித் தர முடியுமா? புகைப்படத்தோடு. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டைப் பற்றி விலையையும் வரலாற்றையும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிக்காமல் விட்ட விளையாட்டு உங்களுக்கும் இருக்கும். கரண்ட் போனதாலோ, தகடு கீறியதாலோ, அண்ணன் வேறு எதையோ ஏற்ற இடம் போதாமல் அழித்ததாலோ விட்டிருப்பீர்கள். ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். விளையாட்டின் பெயர், ஆடிய ஆண்டு, ஆடிய கணினி மூன்றும் இருக்கட்டும். எங்கள் கணினிப் பக்கத்துக்காரர், அவற்றில் எதையெல்லாம் இன்றைய லேப்டாப்பில் ஓட வைக்க முடியும் என்று பார்த்து அடுத்த இதழில் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்